உலகம்மாளுக்கு வந்த பாய்

இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த பாய் குத்திக்கொண்டே இருந்தது. சங்கரவடிவு வயிற்றை எக்கிப் பார்த்தாள். ஒரு விரற்கடை இடம் கிடைத்தது, மூச்சை விட்டதும் அதுவும் போயிற்று. பட்டுப்புடவைக்கு மேலே பாய், பாய்க்கு மேலே தேங்காய் நார்க்கயிறு. நம் ஊரில் பாயில் சுற்றுவது யாரை என்று இவர்களுக்குத் தெரியாது, சரி, மகன் குத்தாலத்துக்குமா தெரியாது. காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும்போது பெண்ணின் சித்தி சேனி வந்து, சிரித்த வாயை மூடாமலே இதைச் சுற்றிக் கயிற்றை இழுத்து முடிந்தபோது அவன் பக்கத்தில்தான் நின்றான். "மரியாதைக்குக் கட்டுததும்மா. ராசாவைப் பாக்கப் போனாலும் இதைக் கட்டிட்டுத்தான் போவாங்க" என்றான். அவன் இடுப்பிலும் ஒரு பாய். தென்காசியில் பிறந்து, கரண்டு இஞ்சினியருக்குப் படித்து, டோங்கா என்று கடல் நடுவே கிடக்கிற ஒரு தீவுக்கு இரண்டு வருஷ வேலை என்று சொல்லி வந்த பிள்ளை, ஆறு வருஷமாகத் திரும்பாமல், போன வியாழக்கிழமை லூப்பே என்கிற இந்த ஊர்ப் பெண்ணுக்குத் தாலியும் கட்டி மோதிரமும் போட்டுவிட்டு, இடுப்பில் பாயோடு நிற்கிறான். கல்யாணத்துக்குப் பிந்தின முதல் ஞாயிற்றுக்கிழமை இது. கல்யாணத்தைவிட இந்த ஞாயிறுதான் இங்கே பெரிது என்கிறார்கள். சர்ச்சு முடிந்து, பக்கத்து மண்டபத்தில், பெண் வீட்டார் பாயாகக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். சீர் என்றால் பாய். குத்துவிளக்கு கிடையாது, பித்தளைப் பாத்திரம் கிடையாது. பாயும், பாயளவுக்கு மரப்பட்டையைத் தட்டிச் செய்த துணியும்தான். அந்தக் குவியலுக்கு நடுவே, மண்டபத்தின் தலைப்பக்கத்தில், யானைமேல் அம்பாரி ஏறின மாதிரி சங்கரவடிவின் நாத்தனார் உலகம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளையைப் பெற்றவள் இங்கே, ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில்.

தூணைப் பார்த்ததுமே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் போன இந்த ஒன்பது வருஷத்தில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவளுக்கென்று ஒரு தூண் இருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "இங்கன காத்து வருது, இப்படி உக்காருங்க" என்பார்கள். முகூர்த்த நேரத்தில் காற்று எப்போதும் தூணுக்குப் பின்னால்தான் வரும். அது ஊர்ப் பழக்கம், பழகிப்போயிற்று. ஆனால் இத்தனை கடல் தாண்டி வந்து, தாலி என்றால் என்னவென்றே தெரியாத மனிதர்களிடம், அதே தூண் எப்படி வந்தது? யாரோ சொல்லியிருக்க வேண்டும். குத்தாலம் சொல்லியிருக்க மாட்டான், அவனுக்கு இதெல்லாம் பிடிக்காது. மிச்சம் இருக்கிறது ஒரே ஆள். முந்தாநாள் சாயங்காலம் சேனி வீட்டுப் பின்கட்டில் அந்த ஊர்ப் பெண்கள் தாழை மடலைக் கீறிக்கொண்டிருந்தபோது, உலகம்மாளும் நடுவே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தை பாஷை தெரியாமல், கையையும் கண்ணையும் ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். தன் கழுத்துத் தாலியைத் தொட்டுக் காட்டினாள். நெற்றியைத் தொட்டாள். பிறகு இந்தப் பக்கம், ஜன்னலோரம் நின்ற சங்கரவடிவு பக்கம், கையைக் காட்டினாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சேனி உச்சுக்கொட்டினாள். வேறென்ன சொல்லியிருப்பாள்? எனக்கு இருக்கு, என் மைனிக்கு இல்லை. அதைச் சொல்ல பாஷையா வேண்டும்?

முதலில் இவள் வந்ததே சரியில்லை. டிக்கெட் வந்த அன்றே சங்கரவடிவு கேட்டாள். "உங்க அத்தை எதுக்குல இம்புட்டு தூரம்? அவ வீட்டுக்காரரு கால் வீங்கிப் படுத்துக் கெடக்காரு, யாரு பாப்பா?" போனில் கடல் இரைச்சலுக்கு நடுவே அவன் சொன்னான், "அத்தை வந்தே ஆகணும்மா. இந்த ஊர்ல அப்பாகூடப் பொறந்தவதான் பெரியவ. அவ இல்லாம சபை கூடாது." பெற்றவளைவிடவா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்டு அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது. ஊர் உலகத்தில் எங்கேயாவது உண்டா இப்படி ஒரு வழக்கம்? நாத்தனாருக்கு மூணாவது முடிச்சு உண்டு, அதற்கொரு சேலை உண்டு, அதோடு சரி. இவன் அவளைக் கூட்டிவர ஒரு சாக்கு சொல்கிறான் என்றுதான் அப்போதே தோன்றிற்று. விமானத்தில் அந்த நினைப்பே அறுத்துக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டில் உலகம்மாள் அவள் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தாள். தூங்கினாளா, தூங்குகிற மாதிரி கிடந்தாளா. இளநீர்க் குடம் மாதிரி கனக்கிற தலை. தள்ளினால் விழித்துக்கொள்வாள், விழித்துக்கொண்டால் பேச வேண்டும். பேசுவதற்கு அவர்களிடம் என்ன இருந்தது?

இன்னொரு வரிசை வந்தது. பெண்கள் இருபுறமும் பிடித்துக்கொண்டு, ஒரு நீளப் பாயை விரித்தபடியே, பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தார்கள். பாயின் ஓரத்தில் சிவப்பும் மஞ்சளுமாய்க் கம்பளி நூல் குஞ்சம். உலகம்மாள் முன்னால் வந்ததும் மண்டபத்தைப் பார்த்து ஒரு தடவை தூக்கிக் காட்டிவிட்டு அவள் காலடியில் இறக்கினார்கள். தரை அதிர்ந்தது. பச்சைத் தாழையும் தேங்காயெண்ணெயும் புகையும் கலந்த வாடை எழுந்து தூண்வரை வந்தது. அந்தப் பக்கம் வாழையிலைமேல் முழுசாகச் சுட்ட பன்றிகள் வரிசையாகப் படுத்திருந்தன, ஒவ்வொன்றின் மூக்கும் அவளைத்தான் பார்த்தது. மூன்று நாளாக வேகவைத்த கிழங்கும் வாழைப்பழமும்தான் அவளுக்குச் சாப்பாடு. உலகம்மாளும் அதைத்தான் தின்றாள், ஆனால் சிரித்துக்கொண்டே தின்றாள். தடி ஊன்றின கிழவர் ஒருவர் எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். பெண் வீட்டுக்காரர்களுக்காகப் பேசுகிறவராம். பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். நடுவில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு இரண்டு மூன்று பேர் தூண் பக்கம் பார்த்தார்கள். கிழவர் குரல் தழுதழுத்தது, ஒரு பொம்பளை கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரிப்பு. சங்கரவடிவு மகன் முழங்கையைத் தொட்டாள். அவன் சம்பிரதாயத்துக்கு மாப்பிள்ளை இடத்தில் உட்கார்ந்துவிட்டு, நல்லவேளை, அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல என்று வந்து தூணோரம் மண்டி போட்டிருந்தான். "என்னல சொல்லுதாரு?" "வரவேத்துப் பேசுதாரும்மா." அவ்வளவுதான். அத்தனை நேரப் பேச்சு, இரண்டு சிரிப்பு, ஒரு அழுகை எல்லாம் சேர்ந்து 'வரவேத்து'. மிச்சத்தை எங்கே போட்டான்? சின்ன வயசிலும் இப்படித்தான், பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்பான். கடையநல்லூருக்குப் போனால் அத்தையிடம் மணிக்கணக்காகச் சொல்வான். அடுக்களை வாசலில் நின்று சங்கரவடிவு கேட்டிருக்கிறாள். வாத்தியார் அடித்தது, பேனா தொலைந்தது, அம்மா திட்டினது, எல்லாம்.

அதுதான், அங்கேதான் எப்போதும் வந்து நிற்கிறது. வேறு எங்கே புறப்பட்டாலும் வண்டி அந்தக் கல்லில் போய்த்தான் முட்டும். அவனுக்கு மூன்று வயது நடக்கையில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, ரத்தமாகத் துப்பி, பிள்ளையைக் கிட்டே விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டில். சாயங்காலமானால் சன்னல் கம்பியில் வெயில் தொங்கும், அப்புறம் அதுவும் போய்விடும். அவர் வாரத்துக்கொரு தடவை வந்து தூர நின்று, "பய நல்லா இருக்கான், உலகு பாத்துக்கிடுதா" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய. தேறி, உடம்பில் சதை பிடித்து, ஊதா நூல்சேலை கட்டிக்கொண்டு கடையநல்லூர் சைக்கிள் கடை வாசலில் இறங்கினாள். பிள்ளை உள்ளேயிருந்து ஓடி வந்தான். கொழுகொழுவென்று இருந்தான், கண்ணில் மை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. அவளைப் பார்த்து நின்றான். நின்று, திரும்பி, உள்ளே பார்த்து, "எம்மா, ஒரு அத்தை வந்திருக்கா" என்றான். உலகம்மாள் வெளியே வந்தாள், கையில் சோற்றுக் கிண்ணம். அவள் முகத்தில் அப்போது என்ன இருந்தது? வெட்கமா, பயமா, சந்தோஷமா? "ஏல, இதாம்ல ஒங்கம்மா" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்தாள், அது நிச்சயம். ஆனால் சொல்லிக் கொடுத்தது யார்? மூன்று வயதுப் பிள்ளை தானாகவா அம்மா என்று கூப்பிடும்? கூப்பிட்டபோது, ஒவ்வொரு தடவையும், இல்லை, நான் அத்தை என்று ஏன் திருத்தவில்லை? முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று, இதைக் கேட்கவில்லை. கேட்கத் துணிந்த ஒரே சமயம் அவர் இறந்து கிடந்த அன்று. அப்போதுதான் உலகம்மாள் தன் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு புரண்டு அழுதாள், கேட்க முடியவில்லை. அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு, மண்டபம் நிறைந்த ஜனத்துக்கு முன்னால், அவளை மேலேயும் இவளைக் கீழேயும் உட்கார்த்தி வைத்திருக்கிறான். மறக்கவில்லை. அந்த வயசு மனசு எதையும் மறக்காது என்பார்கள். பழைய பாக்கியைத் தீர்க்கிறானோ? பெற்றவளுக்கு ஒரு பாய், வளர்த்தவளுக்கு ஒரு குவியல். இந்த ஊர் வழக்கம் என்பதெல்லாம் மேலுக்குப் பூசின சுண்ணாம்பு.

நம் ஊரில் நடந்திருக்குமா இது? சங்கரவடிவுக்கு உள்ளே ஏதோ ஒன்று மெல்லப் பல்லைக் காட்டியது. உலகம்மாளுக்குப் பிள்ளை கிடையாது. ஒன்றுகூட நிற்கவில்லை. அவளை யார் முன்னால் உட்கார விடுவார்கள்? சங்கரவடிவின் வளைகாப்பன்று வந்த எல்லாரும் வரிசையாகச் சந்தனம் பூசி வளையல் போட, உலகம்மாளும் ஒரு டஜன் பச்சை வளையலை மடியில் கட்டிக்கொண்டு நின்றாள், கூடப் பிறந்தவன் பெண்டாட்டிக்குப் போட வேண்டும் என்று. அப்போது யாரோ, பெரியவர்களில் யாரோ, "உலகு, பின்னால பானகம் கரைக்க ஆள் இல்ல, போயிப் பாரு" என்றார்கள். போனாள். பானகம் கரைத்தாள். பச்சை வளையல்கள் அவள் மடியிலேயே இருந்தன. நடக்கையில் கிணுகிணுவென்று சத்தம் கேட்டது, அந்தச் சத்தம் அடுக்களைவரை போயிற்று. காதுகுத்திலும் அப்படித்தான். அவனுக்கு வேலை கிடைத்து ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டபோதும் அப்படித்தான். அவளை யாரும் திட்டியதில்லை. ஏதாவது ஒரு வேலை இருந்தது, எப்போதும், பின்னால். இந்த ஜனங்களுக்கு அது தெரியுமா? தெரிந்திருந்தால் இப்படிக் கொண்டுபோய் உச்சியில் வைப்பார்களா? புதுசாகக் கல்யாணமான பெண்ணுடைய சீரெல்லாம் ஒரு பிள்ளையில்லாதவள் காலடியில்! யாராவது சொன்னால்... சேனிக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும், சங்கரவடிவுக்கும் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ் உண்டு. இரண்டு வார்த்தை போதும். நோ சில்ட்ரன். அந்த இரண்டு வார்த்தையும் தொண்டைக்குள் வந்து, நாக்குக்குக் கீழே மிளகு மாதிரி ஒளிந்துகொண்டு, காரமாக இருந்தன. சொல்ல வேண்டாம். சொல்ல முடியும் என்பதே போதும். அதை வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பாட்டு நின்றது. குவிக்க வேண்டிய பாயெல்லாம் முடிந்துவிட்டது போலிருந்தது. வாசல் பக்கம் சலசலப்பு. உட்கார்ந்திருந்தவர்கள் முழங்காலை ஒடுக்கி வழி விட்டார்கள். சேனி வந்தாள். காலையிலிருந்து மூடாத அந்தச் சிரிப்பைக் காணோம். இரண்டு கையிலும் தாங்கி, கைக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி, ஒரு பாயைக் கொண்டு வந்தாள். சங்கரவடிவு எக்கிப் பார்த்தாள். கந்தல். காய்ந்த புகையிலை நிறம், ஓரமெல்லாம் நைந்து தொங்குகிறது, நடுவில் கை நுழைகிற ஓட்டை ஒன்று, அதைப் புது ஓலையால் தைத்த தடம். அட. அப்படியா சேதி! இத்தனை நேரம் ஏற்றி வைத்துவிட்டுக் கடைசியில் இதுவா? ஆக, இவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. எல்லாரும் பார்க்கக் கிழிந்த பாயைக் கொடுத்து, உன் இடம் இது என்று சொல்கிறார்கள். அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. வந்த சிரிப்பைப் புடவைத் தலைப்பால் பொத்தப் போனாள். ஆனால் மண்டபத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெரிய பொம்பளை, காலையில் சர்ச்சில் எல்லாருக்கும் மேலே குரல் எடுத்துப் பாடினவள், வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சேனி கடைசி நாலு எட்டும் முழங்காலால் நகர்ந்து போனாள். அந்தக் கந்தலை உலகம்மாளின் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். போர்த்திவிட்டு, தன் கன்னத்தை அந்தப் பாயில் ஒரு தடவை வைத்து எடுத்தாள்.

"என்னல இது?" சங்கரவடிவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இதாம்மா பெரிசு. மத்ததெல்லாம் சேத்தாலும் இதுக்கு ஈடாகாது. லூப்பே வீட்ல நாலு தலைமொறையா இருக்கு. பொறப்புக்கும் சாவுக்கும் மட்டும் வெளிய எடுப்பாங்க. இதுக்குன்னு ஒரு பேரே உண்டும்மா, மனுசருக்கு இருக்க மாதிரி. எவ்வளவு பழசாகி நையுதோ அவ்வளவு மதிப்பு. இதை எடுத்துத் தருவாங்கன்னு நானே நெனைக்கல." அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிற முகம் அவளுக்குத் தெரியும், காதுமடல் சிவக்கும். சிவக்கவில்லை. இருந்தாலும் விடவில்லை. "நீதான் சொன்னியா, அவளை அங்க வைக்கணும்னு? உண்மையச் சொல்லு." "நான் என்னத்தம்மா சொல்ல? கல்யாணம் பேச வந்த அன்னைக்கே மொதக் கேள்வி, அப்பாகூடப் பொறந்தவங்க உண்டான்னு. உண்டுன்னேன். அப்பவே முடிவாயிட்டு. லூப்பேயோட அம்மாவைப் பாரு, அவங்களும் ஓரமாத்தான் இருக்காங்க." பார்த்தாள். எதிர்ப் பக்கத்தில், வாசலுக்குக் கிட்டே, பெண்ணைப் பெற்றவள் ஒரு தூணில் முதுகைச் சாய்த்து, கால் நீட்டி, விசிறிக்கொண்டிருந்தாள். புருஷன் பக்கத்திலேயே இருந்தான். "வேற ஒண்ணும் கேக்கலையா? அவளுக்குப் பிள்ளை குட்டி உண்டா, இல்லையா, அது?" குத்தாலம் அவளைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "இல்லம்மா. அதை ஒருத்தரும் கேக்கல. எதுக்குக் கேக்கணும்?"

எதுக்குக் கேட்கணும். ஆமாம், எதுக்கு? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் அவள் மனசு ஒரே இடத்திலேயே சுற்றியது. அப்படியானால் என்னைப் பற்றியும் யாரும் கேட்கவில்லையா? தூண் வெறும் தூணா? உலகம்மாள் தாலியைக் காட்டினது, நெற்றியைத் தொட்டது, அது என்ன? தாலி என்றால் இது, எங்கள் ஊரில் பொட்டு வைப்போம், இவள் என் அண்ணன் சம்சாரம் என்று மட்டும்தான் சொன்னாளா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சந்தேகம் ஒரு பக்கம் பிடி விட்டால் மறுபக்கம் பற்றிக்கொள்கிறது. அப்போது உலகம்மாள் கையை அசைத்தாள். போர்த்தின பாய்க்குள்ளிருந்து விரல் நுனி மட்டும் வெளியே வந்து, வா என்றது. பார், கூப்பிடுகிறாள். கிட்டே வந்து பார்த்துவிட்டுப் போ என்று கூப்பிடுகிறாள். வாழ்நாளில் ஒரு நாள் கிடைத்திருக்கிறது, விடுவாளா. போகக்கூடாது. ஆனால் எல்லாரும் பார்க்கிறார்கள். சங்கரவடிவு தூணைப் பிடித்து எழுந்தாள். இடுப்புப் பாய் மடங்கி விலாவில் குத்தியது. மண்டபத்தின் நடுவழியே, இத்தனை ஜனத்துக்கு முன்னால், விரித்த பாய்கள்மேல் வெறுங்காலோடு நடந்தாள். தாழம்பாய் உள்ளங்காலில் வழுவழுவென்று குளிர்ந்தது. யாராவது தடுப்பார்கள் என்று எதிர்பார்த்தாள், யாரும் தடுக்கவில்லை. குத்தாலம் பின்னாலேயே வந்தான்.

கிட்டே போனதும்தான் தெரிந்தது. உலகம்மாள் நடுங்கிக்கொண்டிருந்தாள். தூரத்திலிருந்து பார்க்கும்போது அம்பாரி மாதிரி இருந்தது, பக்கத்தில் வந்தால் ஒரு வயசான பொம்பளை, மேலுதடு முழுக்க வியர்வை, கண் இரண்டும் பயந்த ஆட்டுக்குட்டியின் கண். அவள் சங்கரவடிவின் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக் குனியவைத்தாள். பிடி இறுகியது. "மைனி," என்றாள், காதுக்குள், மூச்சு மட்டுமாக, "இவுங்க என்னைய யாருன்னோ நெனச்சிப் பண்ணிட்டாங்க. அந்தப் புள்ள வந்து கால்ல விழப்போவுதாம், குத்தாலம் சொல்லிக் குடுத்திருக்கான். நான் கை வைக்கக் கூடாது மைனி. வயிறு தெறக்காதவ கை. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன். எனக்குப் பாஷ தெரியல. குத்தாலத்துக்கிட்ட இதை எந்த வாயால சொல்ல? மூணு நாளாச் சொல்லப் பாக்கேன், கையக் கையக் காட்டுதேன், அவளுவ சிரிக்காளுவ. நீங்க சொல்லிருங்க. உங்களுக்குத்தான் இங்கிலீசு தெரியும். நான் பிள்ளை பெறாதவன்னு சொல்லிருங்க. பாயை வேற ஆளுக்குப் போடட்டும், உங்களுக்கே போடட்டும்."

நாக்குக்கடியில் இருந்த இரண்டு வார்த்தையும் இன்னும் அங்கேயே இருந்தன. அவளே கேட்கிறாள். அவளே, கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லச் சொல்கிறாள். இனி சொன்னால் பாவமும் இல்லை, பழியும் இல்லை. சேனி முழங்காலிட்டபடியே நிமிர்ந்து பார்த்தாள். தடிக்காரக் கிழவர் காத்துக்கொண்டு நின்றார். இதுவும் ஒரு சூழ்ச்சியோ, இப்படிச் சொன்னால் நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்துகொண்டே சொல்கிறாளோ என்று மனசின் ஒரு மூலை அப்போதும் முனகிற்று. முனகட்டும். அந்த மணிக்கட்டுப் பிடியில் சூழ்ச்சி இல்லை. சூழ்ச்சி செய்கிற கை இப்படிச் சில்லிட்டுப் போகாது. "என்னம்மா சொல்லுதா அத்தை?" என்று குத்தாலம் பின்னாலிருந்து கேட்டான். சேனியும் பெண் வீட்டாரும் அவன் வாயையே பார்த்தார்கள், என்ன வரப்போகிறது என்று. "ஒண்ணும் இல்லல," என்றாள் சங்கரவடிவு. "நாக்கு வறளுதாம். குடிக்க எதாச்சும் கொண்டாரச் சொல்லு." அவன் அதை அந்த ஊர்ப் பேச்சில் சொன்னான். ஐந்தாறு பேர் ஒரே சமயத்தில் எழுந்து ஓடினார்கள்.

"சொல்லிட்டியளா?" என்றாள் உலகம்மாள். தமிழில்தான் பேசினார்கள் அம்மாவும் பிள்ளையும். ஆனால் அவள் காதில் அது விழுந்திருக்காது, பயத்தில் அவளுக்கு எதுவும் விழவில்லை. அல்லது விழுந்தும், இன்னொரு தடவை கேட்டாளோ. "சொல்லியாச்சு." "என்ன சொன்னாங்க?" "அதெல்லாம் இங்க கணக்கே கிடையாதாம். அப்பாகூடப் பொறந்தவளா, அது போதுமாம்." உலகம்மாள் அவள் முகத்தில் கண்ணை வைத்துத் துழாவினாள். இத்தனை வருஷமாகச் சங்கரவடிவு அவளைப் பார்த்த பார்வை அது. அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. "நெசமாவா? குத்தாலத்து மேல சத்தியமா?" பெற்ற பிள்ளை தலைமேல் ஆணை. சொன்னேன் என்றது பொய். கணக்கில்லை என்றது நிஜம், அவன் வாயாலேயே கேட்ட நிஜம். சத்தியம் எந்தப் பாதியைப் பிடிக்கும்? சாமிக்குத் தமிழில் எவ்வளவு தூரம் நுணுக்கம் புரியும்? புரியட்டும், என்ன வேண்டுமானாலும் புரிந்துகொள்ளட்டும். "எம் பிள்ளை மேல சத்தியம்," என்றாள். சொல்லிவிட்டு, "நம்ம பிள்ளை மேல" என்று திருத்தினாள். ஏன் திருத்தினாள் என்று யோசிக்க நேரமில்லை, லூப்பே வந்துவிட்டாள்.

பெண்ணின் இடுப்பிலிருந்து மார்புவரை பாய்மேல் பாயாகச் சுற்றியிருந்தார்கள், அவளால் குனியவே முடியவில்லை. குத்தாலம் ஒரு கையைப் பிடிக்க, சேனி மறுகையைப் பிடிக்க, மெல்ல மண்டியிட்டாள். தலையில் தேங்காயெண்ணெய் மினுமினுத்தது, காதில் ஒரு வெள்ளைப் பூ. உலகம்மாளின் கை கந்தல் பாய்க்குள்ளிருந்து வெளியே வந்து, அந்தத் தலைக்கு ஒரு சாண் மேலே போய், அங்கேயே நின்றது. அவள் திரும்பி மைனியைப் பார்த்தாள்.

"வை," என்றாள் சங்கரவடிவு.